சீர் வண்டியின் வெடிச்சத்தம்

ஆடி முடிந்து ஆவணியும் பாதி போய்விட்டது. என் தங்கை ப்ரீத்தியை அழைத்துப் போக சிதம்பரத்திலிருந்து யாரும் வரவில்லை.

எங்கள் பக்கத்தில் இது சின்ன விஷயம் இல்லை. கல்யாணமான முதல் ஆடிக்குப் பெண்ணைத் தாய்வீட்டுக்கு அழைத்து வருவது எங்கள் பொறுப்பு. ஆவணியில் வந்து கூட்டிப் போவது மாப்பிள்ளை பொறுப்பு. அவர் வராமல் பெண் தானாகப் பையைத் தூக்கிக்கொண்டு போய் நின்றால், 'யாரும் கூப்புடாம தானா வந்தவதானே நீ' என்ற சொல் அந்த வீட்டில் ஆயுசுக்கும் நிற்கும். போகாமல் இருந்தாலோ, எங்கள் கடலூர் முதுநகரில் குழாயடிக்குக் குழாயடி வேறு சொல் முளைக்கும். ஏற்கெனவே முளைத்துவிட்டது. தண்ணீர் பிடிக்க அம்மாதான் போனாள். ப்ரீத்தி வாசலுக்கு வருவதையே நிறுத்தியிருந்தாள்.

மாப்பிள்ளை நடனசபாபதி வராததற்கு அவருடைய அம்மா தனக்கோடி போனில் சொன்ன காரணம், பைக்.

"தம்பி, நீங்க சீரா குடுத்த வண்டி பட்டாசுக் கடையாட்டம் வெடிக்குது. தெருவே திரும்பிப் பாக்குது. மொதல்ல வண்டிக்கு ஒரு வழி சொல்லுங்க. பொண்ணப் பத்தி அப்புறம் பேசலாம்."

"மாப்பிள்ளைய பஸ்சுல அனுப்புங்களேன் அத்தை."

"சீர் வண்டி வாசல்ல நிக்கும்போது பஸ்சுலயா? ஊரு என்னான்னு கேக்கும்?"

பின்னாலிருந்து ஒரு ஆண் குரல் கேட்டது. "பழைய வண்டிக்கு பெயிண்ட் அடிச்சி தள்ளிட்டாங்கன்னு சொல்லுங்க அண்ணி. வெளக்கமா சொல்லுங்க."

அது ராஜமாணிக்கம், மாப்பிள்ளையின் சித்தப்பா. மாப்பிள்ளையின் அப்பா இறந்த பிறகு அந்த வீட்டில் பெரிய ஆண் அவர்தான். ஒரு வாடகை வேன் வைத்திருந்ததால், சக்கரம் உள்ள எதைப் பற்றியும் அவர் சொன்னதே அங்கே முடிவு.

பழைய வண்டி என்பது பொய். கடையில் அந்த சீட்டின் மேலிருந்த பிளாஸ்டிக் உறையை என் கையால் பிய்த்தவன் நான். ஆகவே அந்த வீட்டில் யாரோ ஏதோ செய்கிறார்கள் என்று முடிவு கட்டினேன். ராஜமாணிக்கத்தின் மகனிடம் அதே கம்பெனியின் அதே மாடல் பைக் இருந்தது. எங்களுடையதைவிட நாலைந்து வருடம் பழையது. புது வண்டியின் நல்ல சாமான்கள் அதற்குப் போயிருக்கலாம். அதன் தேய்ந்துபோன சாமான்கள் இதற்கு வந்திருக்கலாம். யோசிக்க யோசிக்க எனக்கு அது சரியாகவே பொருந்தியது.

துறைமுகத்துக்குப் பக்கத்தில் ஒரு ஐஸ் கம்பெனியில் கம்ப்ரசர் பார்ப்பது என் வேலை. ஐஸ் சரியாகப் பிடிக்காவிட்டால் ஒரே நேரத்தில் நாலு வால்வைத் திருகக் கூடாது. ஒன்றைத் திருக வேண்டும், பார்க்க வேண்டும், சரியாகவில்லை என்றால் பழையபடி வைத்துவிட்டு அடுத்ததுக்குப் போக வேண்டும். வண்டியையும் அப்படியே பார்ப்பது என்று தீர்மானித்தேன். முதலில் ப்ரீத்தியிடம் விசாரித்தேன். அடுப்படிக்குப் பின்னால் உட்கார்ந்து சங்கரா மீனுக்குச் செதில் சுரண்டிக்கொண்டிருந்தாள்.

"வண்டி எப்பலேருந்து வெடிக்குது?"

"எனக்கு என்னாண்ணா தெரியும்? நான் என்ன மெக்கானிக்கா?"

"பின்னால ஒக்காந்து போனவ நீதான?"

"ஆனி மாசம் பஸ்சு ஒரசிச்சில்ல, அதுக்கு அப்புறந்தான்."

"எந்த பஸ்சு?"

கத்தி நின்றது. பிறகு வேண்டாவெறுப்பாகச் சொன்னாள். மாப்பிள்ளை ஏதோ வேலையாகக் கடலூர் வந்து திரும்பும்போது, ஆலப்பாக்கம் தாண்டி ஒரு பஸ் ஹேண்டில்பாரை உரசிக்கொண்டு போயிருக்கிறது. ரோட்டோர மணலில் விழுந்து முழங்கையில் சிராய்ப்பு. தன் அம்மாவிடம்கூட அவர் சொல்லவில்லையாம்.

"எங்ககிட்ட நீயும் சொல்லல."

"சொன்னா அம்மா அழும். அப்பாவ கடலுக்கு அனுப்பிட்டு பயந்தது போதும்னுதான் ரோட்டுல போற மாப்பிள்ளையா பாத்திங்க."

"வேற என்னா மறைக்கிற?"

"ஒன்னும் இல்ல. போண்ணா, மீன் வேல கெடக்கு."

செதில் எப்போதோ போய்விட்டது. அவள் தோலைச் சுரண்டிக்கொண்டிருந்தாள். அவள்மேலும் எனக்கு ஒரு சந்தேகம் விழுந்தது. ஆனால் அதைவிடப் பெரிய சந்தேகம் மாப்பிள்ளைமேல் விழுந்தது. தான் கீழே போட்டு எதையோ கெடுத்துவிட்டு, அம்மா வண்டியைத் திட்டும்போது வாயை மூடிக்கொண்டு நிற்கிறாரோ?

ஞாயிற்றுக்கிழமை காலை, ஸ்பேனர், ஸ்குரூடிரைவர், புது பிளக் ஒன்று எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டுக்கொண்டு சிதம்பரம் பஸ் ஏறினேன். கிளம்பும்போது அம்மா வாசல்வரை வந்தாள். "சண்ட போட்டுட்டு வந்துடாதடா. அவ அங்க வாழணும்" என்றாள்.

தனக்கோடி அத்தை தண்ணீர் கொடுத்தார். காபி கொடுக்கவில்லை. வண்டி வாசல் வேப்பமர நிழலில் நின்றது. நான் பையைப் பிரிப்பதற்குள் ராஜமாணிக்கம் ஒரு நாற்காலியைக் கொண்டுவந்து வண்டிக்கு நேரெதிரே போட்டு உட்கார்ந்தார்.

"எதுக்கு மாமா வெயில்ல? உள்ள இருங்க."

"பரவால்ல தம்பி. நீ எதையாவது மாத்தி வச்சிட்டுப் போயிட்டன்னா? நாளைக்கு யாரு ஒன்ன தேடி ஐஸ் கம்பெனிக்கு வர்றது?"

நான் அவரைச் சந்தேகித்ததுபோலவே அவர் என்னைச் சந்தேகித்திருக்கிறார். ஒரு வகையில் அது வசதியாக இருந்தது. யாரும் யாரிடமும் நடிக்க வேண்டியதில்லை.

மாப்பிள்ளை நிலைப்படியில் சாய்ந்து நின்றார். ஒரு காலேஜில் லேப் உதவியாளர். கண்ணாடிக் குடுவைகளோடு பழகியவர் என்பதால் நடையே சத்தமில்லாமல் இருக்கும். "ஸ்டார்ட் பண்ணுங்க மாப்பிள்ளை" என்றேன். அவர் முதலில் அம்மாவைப் பார்த்தார். பிறகுதான் கிக்கரில் காலை வைத்தார்.

என்ஜின் பிடித்தது. ஆனால் ஒரே சீராக ஓடவில்லை. நொண்டி நடக்கிற மாதிரி இரண்டு அடி வைத்து ஒரு அடி தாங்கியது. ஆக்சிலேட்டரை முறுக்கினால் திணறித் திணறி ஏறியது. விட்டதும் சைலன்சருக்குள் படார் என்று ஒன்று, பின்னாலேயே பட் பட் என்று இரண்டு. மரத்துக் காக்கைகள் பறந்தன. எதிர்வீட்டுப் பெண் முறத்தோடு வெளியே வந்தாள்.

"என்ன தனக்கோடிக்கா, ஒங்க வீட்டுக்கு மட்டும் தீவாளி முன்னாடியே வந்துடுச்சா?"

"சம்பந்தி வூட்டு தீவாளி" என்றார் அத்தை, என்னைப் பார்க்காமல்.

முதலில் பெட்ரோல். குழாயைக் கழற்றி ஒரு கண்ணாடி பாட்டிலில் கொஞ்சம் பிடித்து வெளிச்சத்தில் வைத்தேன். அடியில் தண்ணீர் தங்கவில்லை. உள்ளங்கையில் தேய்த்துப் பார்த்தேன். உடனே காய்ந்தது, பிசுபிசுப்பு இல்லை. மண்ணெண்ணெய் கலந்திருந்தால் கை காட்டிக்கொடுத்திருக்கும்.

அடுத்தது பிளக். கழற்றினால் விளக்குத் திரிபோலக் கறுப்பு. உலர்ந்த கரி. புது பிளக்கைப் போட்டு ஓட்டினேன். அதே நொண்டி, அதே வெடி. பழையதையே திரும்பப் போட்டேன். கரி மட்டும் ஒரு விஷயம் சொன்னது. உள்ளே பெட்ரோல் ஜாஸ்தியாகப் போகிறது, அல்லது காற்று கம்மியாகப் போகிறது. எரியாத மிச்சம் சைலன்சருக்குப் போய் அங்கே வெடிக்கிறது.

என்ஜினும் சைலன்சர் குழாயும் சேருகிற இடத்தில் சோப்புத் தண்ணீர் தெளித்துப் பார்த்தேன். குமிழ் வரவில்லை. அங்கே ஒழுக்கு இல்லை.

பிறகு கார்பரேட்டர். குனிந்து பார்த்ததும் எனக்கு ரத்தம் சூடேறியது. ஸ்குரூ தலைகள் எல்லாம் சிதைந்திருந்தன. பல தடவை கழற்றி மாட்டிய கார்பரேட்டர். புது வண்டியில் அப்படி இருக்கக் கூடாது.

"இத கழட்டினது யாரு?"

"மெக்கானிக் கொளஞ்சி" என்றார் ராஜமாணிக்கம்.

"கொளஞ்சி கழட்டினாரா, மாத்தினாரா? ஒங்க பையன் வண்டியிலயும் இதே கார்பரேட்டர்தான மாமா?"

கேட்ட பிறகுதான் அம்மா சொன்னது ஞாபகம் வந்தது. ராஜமாணிக்கம் நாற்காலியைப் பின்னால் தள்ளிக்கொண்டு எழுந்தார்.

"என்ன சொல்ற? நான் திருடனா? அண்ணி, கேட்டிங்களா? பொண்ணக் குடுத்த வீடு பேசற பேச்சக் கேட்டிங்களா?"

"மெக்கானிக்க கூப்புடுங்க. அவரே சொல்லட்டும்."

கொளஞ்சியின் கடை தெருமுனையில்தான். மாப்பிள்ளையே போய் அழைத்து வந்தார். கொளஞ்சி கழிவுத் துணியில் கையைத் துடைத்துக்கொண்டே வந்து, நடந்ததைக் கேட்டுவிட்டுச் சிரித்தார்.

"நான்தாங்க கழட்டினேன். ஒரு தடவயா ரெண்டு தடவயா? அவுரு பையன் வண்டி கார்பரேட்டர்ல போல்ட்டு மாட்டற காது ஒடஞ்சி, நான் வெல்டு வச்சிக் குடுத்திருக்கேன். அந்தத் தழும்பு இதுல இருக்கா, நீங்களே பாருங்க."

பார்த்தேன். தழும்பு இல்லை. எங்கள் வண்டியின் கார்பரேட்டர்தான் அது.

"போதுமா?" என்றார் ராஜமாணிக்கம்.

"போதும் மாமா."

"மன்னிப்பு கேக்க மாட்டியா?"

"வண்டிய முடிச்சிட்டுக் கேக்கறேன்."

"ரொம்ப நல்லவன்யா நீ" என்று மறுபடி உட்கார்ந்தார். ஆனால் நாற்காலியை இன்னும் ஒரு முழம் முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

மிச்சமிருந்தது காற்று வருகிற வழி. பக்கவாட்டு மூடியைக் கழற்றி ஃபில்டர் பெட்டியைத் திறந்தேன். ஃபில்டர் சுத்தமாக இருந்தது. "அது நான் போன வாரம் போட்ட புதுசு" என்றார் கொளஞ்சி. பெட்டியைத் திறந்த நிலையிலேயே விட்டுவிட்டு ஸ்டார்ட் பண்ணச் சொன்னேன்.

என்ஜின் பிடித்தது. அவ்வளவு நேரமும் நொண்டியது நிமிர்ந்து நடந்தது. ஆக்சிலேட்டரை முறுக்கினேன், தடங்கல் இல்லாமல் ஏறியது. விட்டேன். வெடிக்கவில்லை. எதிர்வீட்டுப் பெண்கூட முறத்தைத் தட்டுவதை நிறுத்திவிட்டுப் பார்த்தாள்.

பெட்டி மூடியைப் போட்டேன். நொண்டி, படார், பட் பட். எடுத்தேன். சீரான ஓட்டம்.

"அட!" கொளஞ்சி தலையில் அடித்துக்கொண்டார். "ஃபில்டருக்கு முன்னாடியே அடப்பு! அந்தப் பெட்டிக்குக் காத்து சீட்டுக்கு அடியில ஒரு வாய் வழியாதான் வரும். நான் இதுவரைக்கும் சீட்டத் தூக்கவே இல்லையே."

"மாப்பிள்ளை, சீட்டு சாவி குடுங்க."

அவர் கொடுக்கவில்லை. சாவியைக் கைக்குள் மூடிக்கொண்டார்.

"சீட்ட எதுக்கு மச்சான் கழட்டணும்? அந்த மூடி இல்லாமயே நல்லாத்தான ஓடுது. நான் அப்புடியே ஓட்டிக்கிறேன்."

காலையிலிருந்து அவர் பேசிய முதல் முழு வாக்கியம் அதுதான்.

"தூசி மொத்தமும் உள்ள போவும் தம்பி, என்ஜின் ஒரு வருசம் தாங்காது" என்றார் கொளஞ்சி.

"பரவால்ல."

எனக்குள் இதுவரை இருந்த சந்தேகமெல்லாம் ஒன்றாகத் திரண்டு அந்த மூடிய கையின்மேல் போய் உட்கார்ந்தது. சீட்டுக்கு அடியில் என்ன இருக்கிறது? என் தங்கைக்குத் தெரியக் கூடாத என்ன? வேறு ஒருத்தி கொடுத்த எதுவோ? பத்து விதமாக நினைத்தேன். ஒன்றும் நல்லதாக இல்லை.

"குடுடா" என்றார் அத்தை. மாப்பிள்ளை கொடுத்தார்.

சீட்டைத் தூக்கினேன். பெட்டியின் ரப்பர் வாயில் மஞ்சளாக ஏதோ அடைத்துக்கொண்டிருந்தது. இரண்டு விரலை விட்டு இழுத்தேன். மழையில் நனைந்து, தூசி ஏறி, காய்ந்து கெட்டியாகிப்போன ஒரு சின்னத் துணி மூட்டை. கண்ணால் பார்ப்பதற்கு முன்பே விரல்களுக்கு அது என்னவென்று தெரிந்துவிட்டது. வாயைக் கட்டியிருந்த முடிச்சு வலை முடிச்சு. எங்கள் வீட்டில் எல்லோரும் போடுவது.

எங்கள் அப்பா கடலுக்குப் போனவர். படகு முதல்முறை இறங்கும்போது அம்மன் கோயில் மண்ணை ஒரு பிடி எடுத்து மஞ்சள் துணியில் முடிந்து, படகின் முன்முனையில் பலகை இடுக்கில் வைப்பது எங்கள் வீட்டு வழக்கம். போனவன் திரும்ப வரணும் என்பதற்காக. சுனாமியில் படகு போனது. வழக்கம் எங்கே போகும்?

படகுக்கு வைக்கிறதைப் பைக்குக்கு வைத்திருக்கிறாள் என் தங்கை. ரோட்டுக் குழியில் குதித்துக் குதித்து அது நகர்ந்து, காற்றே இழுத்துத் தன் வாயில் செருகிக்கொண்டிருக்கிறது. மாப்பிள்ளைமேல் நான் நினைத்த பத்தும் அந்த இடத்திலேயே செத்தன. மூட்டையைக் கைக்குள் மூடினேன்.

"கையில என்னா?" ராஜமாணிக்கம் எழுந்துவிட்டார்.

"அழுக்குத் துணி மாமா. அடச்சிட்டிருந்துச்சி. அவ்ளோதான்."

"காட்டு."

"துணிதான்…"

"என்னத் திருடன்னு கேட்டப்ப நான் கார்பரேட்டரப் பாக்க வுட்டேனா இல்லயா? கையத் தெற."

திறந்தேன். வேறு வழி இல்லை. அத்தை படியிறங்கி வந்தார். பார்த்ததும் இரண்டு அடி பின்னால் போனார்.

"மஞ்சத் துணி! முடிச்சு! அய்யய்யோ, எம் புள்ளக்கி வச்சிட்டாங்களே! மயக்கறதுக்கு வச்சிட்டாங்களே!"

தெருவில் வாசல்கள் திறந்தன.

"அத்தை, அது செய்வினை இல்ல, எங்க அம்மன் கோயில்…"

"எங்களோடதுன்னு சொல்றான் பாரு! அவன் வாயாலயே சொல்றான்!" என்றார் ராஜமாணிக்கம். "நான் பழைய வண்டின்னுதான் நெனச்சேன். இது அதுக்கும் மேல அண்ணி."

"அதான் எம் புள்ள கல்யாணத்துக்கு அப்புறம் ஊமையாட்டம் ஆயிட்டான்! ராஜமாணிக்கம், நீயே சாட்சி. இனிமே அந்தப் பொண்ணு இந்த வாசப்படி…"

அந்த வாக்கியம் முடிந்தால் என் தங்கையின் வாழ்க்கையும் அதோடு முடிந்தது. தெருவே கேட்டுக்கொண்டிருக்கிறது. அந்த அம்மா சொன்ன சொல்லைத் திரும்ப வாங்குகிறவர் இல்லை.

"அம்மா" என்றார் மாப்பிள்ளை. "அது நான் வச்சது."

அத்தை வாயை மூடினார்.

"ஆனி மாசம் ஆலப்பாக்கத்துல பஸ்சு ஒரசி வுழுந்துட்டேன். ஒனக்கு சொல்லல. முழங்கை பாரு, இன்னும் தழும்பு இருக்கு. பயமா இருந்துச்சி. அவுங்க கோயில்ல மண் எடுத்தாந்து நானே முடிஞ்சி வச்சேன். அவளுக்குத் தெரியாது."

"நீயா?" அத்தை மகனை மேலும் கீழும் பார்த்தார். "ஒனக்கு வேட்டி அவுந்தா நான்தான் முடிஞ்சி வுடணும். நீயா இந்த முடிச்சிப் போட்ட?"

"ஆமா."

ராஜமாணிக்கம் வீட்டுக்குள் போனார். ஒரு சணல் கயிற்றோடு திரும்பி வந்து மாப்பிள்ளையின் கையில் வைத்தார்.

"இப்ப போடு. பாக்கலாம்."

நான் மாப்பிள்ளையைப் பார்க்கவில்லை, தரையைப் பார்த்தேன். வலை முடிச்சு பார்த்துக் கற்கிற முடிச்சு இல்லை. சின்ன வயதில் அப்பா என் விரலைப் பிடித்துத் திருப்பித் திருப்பிப் போட வைத்துத்தான் எனக்கே வந்தது. கடலுக்குச் சம்பந்தமில்லாத குடும்பத்தில் பிறந்து, லேப்பில் குடுவை கழுவுகிறவருக்கு அது எப்படி வரும்?

முதல் சுற்றையே தப்பாகப் போட்டார். கயிறு நழுவி அவிழ்ந்தது. "ம்" என்றார் ராஜமாணிக்கம். மாப்பிள்ளை கயிற்றை உதறி மறுபடி பிடித்தார். கண்ணை மூடிக்கொண்டார். கட்டைவிரலால் வளையத்தை அழுத்தி, நுனியைப் பின்னால் கொண்டுபோய், உள்ளே விட்டு, இழுத்தார். முடிச்சு விழுந்தது. மெதுவாக, கொஞ்சம் கோணலாக. ஆனால் வலை முடிச்சுதான்.

ராஜமாணிக்கம் அதையும் மூட்டையையும் பக்கம் பக்கமாக வைத்து வெகுநேரம் பார்த்தார். இழுத்துப் பார்த்தார். நகத்தால் நோண்டிப் பார்த்தார்.

"அதேதான்" என்றார், ஏமாந்தவர் குரலில்.

அத்தை என்னைப் பார்த்தார். நம்பிய பார்வை இல்லை அது. ஆனால் மகன் தெரு அறியச் சொன்னதைத் தெரு அறியப் பொய்யாக்க அவருக்கும் மனம் வரவில்லை.

"அந்த மண்ண வூட்டுக்குள்ள கொண்டாராத. வெள்ளாத்துல போட்டுட்டு, அப்புடியே போய் அவள அழச்சிட்டு வா. வெளக்கு வக்கறதுக்குள்ள வந்துரணும்" என்று மகனிடம் சொல்லிவிட்டு உள்ளே போனார்.

கொளஞ்சி கார்பரேட்டரில் தான் மாற்றி மாற்றித் திருகியதையெல்லாம் பழைய நிலைக்குக் கொண்டுவந்தார். எல்லாம் மூடிய பிறகு, ராஜமாணிக்கம் தானே ஓட்டிப் பார்ப்பேன் என்று வாங்கிக்கொண்டு, தேரோடும் வீதி நாலையும் சுற்றிவிட்டு வந்தார். ஒரு வெடி இல்லை.

"எப்புடி மாமா?"

"பரவால்ல. பிக்கப் கொஞ்சம் கம்மிதான்."

"நான் ஒங்கள அப்புடிக் கேட்டிருக்கக் கூடாது. மன்னிச்சிக்குங்க."

"நானும் ஒன்ன அப்புடித்தான் நெனச்சேன், போ" என்றார். அதை மன்னிப்பு என்று எடுத்துக்கொண்டேன்.

மாப்பிள்ளை ஓட்ட, நான் பின்னால் உட்கார்ந்தேன். வெள்ளாற்றின் மேலுள்ள புவனகிரிப் பாலத்தில் வண்டியை ஓரம் கட்டினார். ஆற்றில் நடுவில் மட்டும் தண்ணீர் ஓடியது. மூட்டையைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார்.

"அவதான் வச்சான்னு ஒங்களுக்குத் தெரியும்ல மச்சான்?"

"முடிச்சத் தொட்டதும் தெரிஞ்சிது. ஒங்களுக்கு?"

"வச்சப்பவே பாத்தேன். நான் வுழுந்த மறுநாள் காலையில, கல்யாணத்தப்ப ஒங்க கோயில்லேருந்து கொண்டாந்திருந்த மண்ண முடிஞ்சி, நான் தூங்கறன்னு நெனச்சி சாவிய எடுத்துட்டுப் போய் சீட்டத் தூக்கினா. ஜன்னல் வழியா பாத்துட்டு மறுபடியும் படுத்துக்கிட்டேன். எனக்காகத்தான வக்கிறா, கேட்டா வெக்கப்படுவான்னு வுட்டுட்டேன். அம்மாவுக்குத் தெரிஞ்சா என்ன பேசும்னு எனக்குத் தெரியும். அதனால கொளஞ்சி கடைக்குப் போறப்பல்லாம் சாவிய கையிலயே வச்சிக்கிட்டு நின்னேன். வண்டி அதனாலதான் வெடிக்குதுன்னு சத்தியமா தெரியாது மச்சான்."

"அதான் சீட்டத் தூக்கவே வுடலியா?"

"ஆமா. வண்டி சரியானாத்தான் அவள அழைக்க முடியும், சீட்டத் தூக்கினா அவ மாட்டிக்குவா. நடுவுல ஊமையாட்டம் நின்னுட்டேன்."

"முடிச்சு?"

முதல்முறையாகச் சிரித்தார். "அவ சணல்ல ஒரு பை பின்னினா. பக்கத்துல ஒக்காந்து பாத்தேன். கத்துக்குடுன்னு கேட்டேன். கையத் தட்டித் தட்டி சொல்லிக்குடுத்தா. வாத்தியார்கிட்டகூட நான் அவ்ளோ அடி வாங்கினதில்ல."

மூட்டையை ஆற்றில் போட்டார். போடாமலே போட்டேன் என்று சொல்லியிருக்கலாமே என்று கேட்டேன்.

"அம்மா கண்ணப் பாத்துக் கேக்கும். எனக்குப் பொய் சொல்ல வராது."

"இப்பத்தான சொன்னிங்க?"

"அந்த ஒன்னுக்குதான் தெம்பு இருந்துச்சி" என்று வண்டியை உதைத்தார்.

முதுநகரில் எங்கள் வீட்டு முன்னால் நின்றபோது அம்மாதான் முதலில் ஓடி வந்தாள். பின்னால் ப்ரீத்தி. இத்தனை நாள் கழித்து வந்த புருஷனை அவள் பார்க்கவில்லை. அவர் உட்கார்ந்திருந்த சீட்டைப் பார்த்தாள். பிறகு என் கையிலிருந்த பையைப் பார்த்தாள்.

"சீட்டத் தூக்கினிங்களாண்ணா?"

"தூக்கினோம்."

"அத்தை?"

"பாத்தாங்க."

கதவைப் பிடித்துக்கொண்டாள். அம்மாவுக்கு ஒன்றும் புரியவில்லை. "எதடி பாத்தாங்க? என்னாடி பண்ண?" என்று இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"நான் வச்சன்னு சொல்லிட்டேன்" என்றார் மாப்பிள்ளை.

ப்ரீத்தி இப்போதுதான் அவரை நிமிர்ந்து பார்த்தாள். "நம்பினாங்களா?"

"சித்தப்பா நம்பல. கயிற குடுத்து முடிச்சு போடச் சொன்னாரு."

"போட்டிங்களா? நுனிய உள்ள வுட்டிங்களா, வெளிய வுட்டிங்களா?"

"மொதல்ல வெளிய. அவுந்துடுச்சி."

"எத்தினி தடவ சொன்னேன்!" என்று சொன்னவள், அங்கேயே உட்கார்ந்து முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். அழுகிறாளா சிரிக்கிறாளா என்று தெரியவில்லை. அம்மா, எதற்கும் இருக்கட்டும் என்று, தானும் அழுதாள்.

சாப்பிட்டுக் கிளம்பும் நேரத்தில் ப்ரீத்தியைக் காணோம். கோயில் பக்கமிருந்து வேகமாக வந்தாள், முந்தானை நுனியை இறுக்கிப் பிடித்துக்கொண்டு. உள்ளே என்ன இருக்கிறது என்று யாரும் கேட்கவில்லை.

"ப்ரீத்தி, வேணாம்" என்றார் மாப்பிள்ளை. "அம்மா இனிமே தெனமும் சீட்டத் தூக்கிப் பாக்கும்."

"ஆலப்பாக்கத்துல அந்த பஸ்சு இன்னும் ஓடுதுல்ல?"

"ஓடுது."

"அப்ப நான் என்னா பண்றது?" என்று கேட்டாள். கேட்டது அவரை. பார்த்தது என்னை.

பையிலிருந்து ஸ்குரூடிரைவரை எடுத்தேன். முன்விளக்கு மூடியின் இரண்டு ஸ்குரூவையும் கழற்றி, ஒயர்களை ஒதுக்கி, உள்ளே கை நுழைகிற அளவு இடத்தைக் காட்டினேன்.

"இங்க வை. காத்தும் வராது, ஒங்க அத்தையும் வரமாட்டாங்க."